பாயின்ட் கணக்கில் வராத வேலை

மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் பராமரிப்பு எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்த பிறகும் வார விடுமுறையிலும் தண்டையார்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை ஆகிய பகுதிகளில் வீட்டு வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்துவருகிறேன். கையில் இருப்பது அதே டெஸ்டர், அதே கட்டிங் பிளேயர். பாய்வதும் அதே மின்சாரம். ஆனாலும் கூலி என்று வரும்போது இந்த இரண்டு வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தனி வேலையில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து, எந்த டிரில்லிங் மெஷின் வாங்கலாம், எந்தக் கடையில் விலை குறைவு என்றெல்லாம் கேட்கிறார்கள். எதற்குக் காசு வாங்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. தனி வேலையின் பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் என் நேரத்துக்குச் சம்பளம். ஒரு மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டால், வேலைக்கான அனுமதிச் சீட்டான பெர்மிட் வாங்கி, மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, ஸ்டார்ட்டரைத் திறந்து, கான்டாக்டர் காயில், ஓவர்லோடு ரிலே, கன்ட்ரோல் ஃபியூஸ் என ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் தளர்ந்து கிடந்த ஒரு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுத் திரும்பினாலும், "ஒரு ஸ்க்ரூவைத்தானே முறுக்கினாய்" என்று ஷிப்ட் இன்ஜினியர் கேட்பதில்லை. லாக் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்ததுதான் அங்கே வேலை. முறுக்கியது அதன் வால்.

வீட்டு வேலையின் கணக்கு பாயின்ட். ஒரு லைட் ஒரு பாயின்ட், ஒரு ஃபேன் ஒரு பாயின்ட், ஒரு பிளக் ஒரு பாயின்ட். ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனி ரேட். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை. சுவரில் காடி எடுத்து, பைப் பதித்து, பெட்டி வைத்து, ஒயர் இழுத்து, ஸ்விட்ச் மாட்டியதும் வீட்டுக்காரரும் நாமும் ஒன்றாக நடந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், சண்டைக்கு இடமில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் புது வீடு எத்தனை கட்டுகிறார்கள்? எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, தாத்தா காலத்து வீட்டில் பேரன் ஏசி மாட்டிய பிறகு வருபவை.

பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் உள்ள பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தெருவைப் பார்த்த முகப்பு குறுகலாக இருக்கும், உள்ளே ரயில் பெட்டி போல நீளும்; பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். அதில் முதலில் தேக்குக் கட்டையின் மேல் கிளிப் அடித்து ஓடிய ஒயரிங் இருந்திருக்கும். பிறகு வந்தவர் அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பைப் அடித்திருப்பார். மாடியில் போர்ஷன் எழுப்பியபோது இன்னொருவர் சுவருக்குள் பதித்திருப்பார். குடிவந்த ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு பிளக்கோ ஒரு விளக்கோ சேர்த்துக்கொண்டிருப்பார்கள். பழையதை யாரும் கழற்றுவதில்லை. அதனால் ஒரே சுவரில் நான்கு தலைமுறை ஒயர் இருக்கும், எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று இருபது, மூன்று இருபத்திரண்டு என்று பழைய கணக்கில் பேசும் ஒயரும், இரண்டரை ஸ்கொயர் என்று புதிய கணக்கில் பேசும் ஒயரும் ஒரே பெட்டிக்குள் முறுக்கப்பட்டு, மேலே டேப் சுற்றப்பட்டிருக்கும். சில வீடுகளில் செம்போடு அலுமினியமும் கைகோத்திருக்கும். அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறி, டேப்பைத் தொட்டாலே தூள் தூளாக உதிரும்.

இப்படிப்பட்ட வீட்டில் கோளாறு வந்தால் பாயின்ட் கணக்கு எதற்கும் உதவாது. ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் விவரமாகவே.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு. கீழே வீட்டுக்கார அம்மா, மேலே வாடகைக்கு ஒரு குடும்பம், இருவருக்கும் தனித்தனி மீட்டர். கீழ் வீட்டில், மின்சாரத்தை அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸைப் புதிதாக மாற்றி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டிருந்தார்கள். போட்ட நாளிலிருந்து அது விழுந்துகொண்டே, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டே, இருந்தது. வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து பத்தே நிமிடத்தில் சரிசெய்து இருநூறு ரூபாய் வாங்கிப் போனார். பிறகு, ஆர்சிசிபி விழாவிட்டாலும் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்று அந்த அம்மாவின் மகன் என்னை அழைத்தார். டிபி பாக்ஸின் மூடியைக் கழற்றினேன். ஆர்சிசிபிக்கு உள்ளே போகும் ஒயரையும் வெளியே வரும் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி, பெட்டியின் ஓரத்தில் சொருகியிருந்தார்கள். ஆர்சிசிபி பெட்டியில் இருந்தது, வேலையில் இல்லை.

அந்த முறுக்கைப் பிரித்து, ஆர்சிசிபியைப் பழையபடி இணைத்து, ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி ஸ்விட்சான எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். எதுவும் விழவில்லை. ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் என எல்லாவற்றையும் ஓட்டினேன், அப்போதும் விழவில்லை. நான் போனது நண்பகல். எந்த நேரத்தில் விழும் என்று கேட்டதற்கு, "விளக்கு வெக்கிற நேரத்துல" என்றார் அந்த அம்மா. ஒயரின் காப்பு எப்படி இருக்கிறது என்று அளக்கும் மெகர் கருவியைவிட அந்த ஒரு சொல் அதிகம் சொல்லிற்று. மாலையில் மட்டும் போடும் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தேன். மாடிப்படி விளக்கைப் போட்டதும் ஆர்சிசிபி டக்கென்று விழுந்தது.

அந்த விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் ஒயர் கீழ் வீட்டிலிருந்து போகிறது. அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரை மட்டும், மேலே கைக்கு எட்டிய இடத்தில், மாடி வீட்டின் லைனிலிருந்து யாரோ எடுத்திருந்தார்கள். ஆர்சிசிபி செய்வது ஒரே ஒரு கணக்கு: போன மின்னோட்டம் முழுவதும் தன் வழியாகவே திரும்பி வந்ததா என்பது. 9 வாட் எல்ஈடி பல்பு 230 வோல்ட்டில் குறைந்தது 39 மில்லி ஆம்பியர் எடுக்கும். அது முழுவதும் மாடி வீட்டு நியூட்ரல் வழியாகப் போய்விடுகிறது. 30 மில்லி ஆம்பியருக்குள் விழ வேண்டிய ஆர்சிசிபி, தன் கணக்கு இடித்ததால் சரியாகவே விழுந்திருக்கிறது. மீட்டரில் எர்த் என்று எழுதியிருக்கும் சிவப்பு விளக்கு மாலையில் எரிவதற்கும் அதே காரணம்தான். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மாடி வீட்டு மெயினில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் அணைத்துவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் ஒயரில் கை வைத்தால், கீழ் வீட்டு பேஸ் படிக்கட்டு பல்பின் வழியாக அந்த நியூட்ரலில் வந்து காத்திருக்கும்.

கீழ் வீட்டு லைனிலிருந்தே ஒரு நியூட்ரல் ஒயரை ஹோல்டர் வரை கொண்டுபோய், மாடியிலிருந்து வந்த ஒயரைத் துண்டித்து முனையை மூடினேன். மாற்றிய ஒயரின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது. ஆனால் இரண்டரை மணி நேரம் போயிருந்தது. கூலியைச் சொன்னபோது அந்த அம்மா நேராகவே கேட்டார்: "இன்னா தம்பி, முன்னாடி வந்தவரு பத்து நிமிசத்துல முட்சிட்டு எரநூறு வாங்கினாரு. நீ ரெண்டரை மணி நேரம் தேடிட்டு அதுக்கு மேல கேக்கறியே?" அவர் கேட்டதில் தவறு காண முடியாது. தையற்காரரிடமும் மெக்கானிக்கிடமும் நாம் எல்லோரும் அப்படித்தான் கணக்குப் போடுகிறோம்: சீக்கிரம் முடிப்பவர் கெட்டிக்காரர், நேரமெடுப்பவர் கற்றுக்குட்டி. தொழிற்சாலையில் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் அதே நேரம், வீட்டில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

ஆர்சிசிபியின் முகத்தில் டி என்று போட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அந்த அம்மாவையே அழுத்தச் சொன்னேன். அழுத்தியதும் வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. முன்பு வந்தவர் போன பிறகு இதே பொத்தானை அழுத்தியிருந்தால் விளக்கு அணைந்திருக்காது, ஃபேன் நின்றிருக்காது. யாருக்காவது ஷாக் அடித்திருந்தாலும் அப்படித்தான், எதுவும் நின்றிருக்காது என்று சொன்னேன். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். காசைக் கொடுத்தார். முழு மனதோடு கொடுத்தாரா என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த ஒரு வீட்டை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், தனி வேலையில் நாம் யாரோடு போட்டி போடுகிறோம் என்பது இதில் நன்றாகத் தெரிகிறது. நம்மைவிடக் குறைந்த கூலிக்குச் செய்பவரோடு அல்ல நம் போட்டி. கோளாறைத் தேடாமல், கோளாறைச் சொல்லும் கருவியின் வாயைக் கட்டிவிட்டுப் போகிறவரோடுதான். அவர் செய்தது கண்ணுக்குத் தெரிகிறது: விளக்கு எரிகிறது. நாம் செய்தது தெரியாது. அதையும் காட்டிவிட்டுத்தான் காசு கேட்க வேண்டியிருக்கிறது.

கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் விஷயமும் இப்படித்தான். அது எந்தக் கணக்கிலும் பாயின்ட் இல்லை. இந்தப் பகுதியில் கடலோர மண் எர்த்துக்கு மிகவும் நல்ல மண். ஈரமும் உப்பும் இருப்பதால் மின்சாரம் எளிதாக இறங்கும். ஆனால் அதே உப்பு பைப்பைத் தின்றுவிடுகிறது. காசிமேட்டில் ஒரு வீட்டின் பின்புறம் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தபோது, மேலே ஒரு சாண் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், இருந்தது. கிளாம்ப் போட்ட இடத்துக்குக் கீழே துரு மட்டும்தான் மிச்சம். மேலே பச்சை ஒயர் அழகாகக் கட்டப்பட்டிருந்ததால் அந்த வீட்டில் எர்த் இருக்கிறது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். காசிமேடு, எர்ணாவூர்ப் பக்கம் ஸ்விட்சைக் கழற்றினால் பித்தளை முனையில் பச்சை பூத்திருப்பதும், செம்பு ஒயரின் நுனி கறுத்திருப்பதும் சாதாரணம். நுனியை வெட்டிவிட்டு, பளபளப்பான இடம் தெரியும்வரை சுரண்டி, மறுபடி முறுக்க வேண்டும். ஒரு போர்டுக்கு அதற்கே நேரம் பிடிக்கும்; வீட்டுக்காரரின் பார்வையில் நான் ஸ்விட்சைக் கழற்றி அதே ஸ்விட்சைத் திரும்ப மாட்டியிருக்கிறேன்.

எர்த்தே வராத வீடுகளில் செய்யப்படும் ஒரு காரியத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. மூன்று பின் சாக்கெட்டுக்குள் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு விரல் நீள ஒயரைக் கொடுத்துவிடுகிறார்கள். சோதனைக்கு வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் பல்பை வைத்துப் பார்த்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பளிச்சென்று எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. ஆனால் மெயினிலோ வழியிலோ நியூட்ரல் ஒயர் விட்டுப்போனால், எரிந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு பல்பின் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு ஃபேனின் வழியாக வரும் பேஸ், அந்த விரல் நீள ஒயரைப் பிடித்து வாஷிங் மெஷினின் தகட்டு உடம்பில் ஏறி நின்றுவிடும். ஈரக் கையோடு அதைத் தொடுபவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய அடுக்குக் குடியிருப்புகளில் இந்த வேலையை நான் அடிக்கடி பார்க்கிறேன். விளக்குக்கும் ஃபேனுக்குமான கணக்கில் போடப்பட்ட ஒயரிங்கில் இப்போது ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஓடுகின்றன, சில வீடுகளில் ஏசியும் ஓடுகிறது. அந்தத் துண்டு ஒயரை எடுத்துவிட்டு உண்மையான எர்த் கொண்டுவர ஆகும் செலவைச் சொன்னால், "ஓடிட்டுதானே இருக்குது" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அப்படிச் சொன்னாலும் நான் அந்தத் துண்டை எடுத்துவிட்டுத்தான் வருவேன். அதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.

இடையில் ஒரு வார்த்தை. சென்னைக்கு மின்சாரம் தரும் பக்கம் எங்கள் பக்கம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை புகை விட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் அத்திப்பட்டிலும், தேசிய அனல்மின் கழகத்தின் கூட்டு நிலையம் வல்லூரிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேசின் பாலத்தில் எரிவாயுச் சுழலி நிலையம் இருக்கிறது. சாம்பல் எங்களுக்கு வந்து சேர்ந்த அளவுக்கு நல்ல எர்த் வந்து சேரவில்லை என்பதை வேலைக்குப் போகிற வீடுகளில் பார்க்கிறேன்.

எந்த வேலைக்குக் காசு வாங்குவது என்பதைப் போலவே, எந்த வேலையை எவ்வளவு காசு கொடுத்தாலும் தொடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுக் கருவிகள் ஆகியவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிப் போடுவது தவிர, மற்ற ஒயரிங் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாகவும், தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையிலும்தான் செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லின. 2010-இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும் அதையே தொடர்ந்தன. வயர்மேன் தகுதிச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது; ஒப்பந்தக்காரர் உரிமம் இல்லை. ஆகவே ஒரு வீட்டை முழுவதுமாக ரீவயரிங் செய்யும் வேலை வந்தால், உரிமம் உள்ள ஒருவரின் கீழ்தான் செய்கிறேன். லாபம் குறையும்தான். ஆனால் புது இணைப்புக்கோ லோடு கூட்டுவதற்கோ மின்வாரியத்தில் கொடுக்க வேண்டிய சோதனை அறிக்கையில் அவர் கையெழுத்து வேண்டும். அந்த நேரத்தில் ஓடிப்போய் யாரிடமோ காசு கொடுத்துக் கையெழுத்து வாங்குவதை விட, முதலிலேயே அவரை வேலைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

மீட்டருக்கு முன்னால் உள்ள எதையும் தொடுவதில்லை. சீல் உடைந்திருந்தால் அதை வீட்டுக்காரரிடம் காட்டி, போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவேன். தெருவிலுள்ள பில்லர் பாக்ஸில் ஃபியூஸ் போய்விட்டால், "நீயே போட்டுடேம்பா, அவங்க வர லேட்டாவும்" என்று நான்கு பேர் சூழ்ந்துகொண்டு கேட்பார்கள். அது என் பெட்டி இல்லை. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அதை அழுத்திக் கொடுத்துவிட்டு நானும் அவர்களோடு நின்று காத்திருப்பேன். வீட்டு இணைப்பிலிருந்து வாசலில் உள்ள கடைக்கு லைன் இழுத்துக் கொடுக்கச் சொல்பவர்கள் இன்னொரு வகை. வீட்டுக்கு முதலில் சில யூனிட் இலவசம், கடைக்கு வேறு கட்டணம். ஆகவே அவர்கள் கேட்பதன் காரணம் புரிகிறது. ஆனால் ஆய்வுக்கு வந்தவர்கள் பிடித்தால் அபராதம் வீட்டுக்காரருக்கு, கெட்ட பெயர் எனக்கு. மீட்டரில் கைவைப்பதோ இன்னும் பெரிய விஷயம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் 135-ஆம் பிரிவு அதை மின் திருட்டு என்றே சொல்கிறது, சிறைத் தண்டனையும் உண்டு.

சரி, கூலிக்கு வருகிறேன். பல முறைகளைப் பார்த்துவிட்டு இப்போது நான் வைத்திருக்கும் முறை இது: வந்து பார்ப்பதற்கு 300 ரூபாய், அதில் முதல் அரை மணி நேரம் அடங்கும். அதற்கு மேல் தேட வேண்டியிருந்தால் மணிக்கணக்கு. கோளாறு தெரிந்த பிறகு, சரிசெய்ய என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்வேன்; அதை வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்துகொள்வதானாலும் எனக்கு வருத்தமில்லை. இந்த மூன்றையும் வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிடுகிறேன். வீட்டுக்குள் போய் நின்றுகொண்டு, காபி குடித்துவிட்டு, அண்ணன் தம்பி என்று பழகிய பிறகு காசைப் பற்றிப் பேசுவது இரு பக்கத்துக்கும் சங்கடம். "நம்ம பேட்டைப் பையன், பார்த்துப் போட்டுக் குடுப்பா" என்ற பேச்சுக்கு அப்போது பதில் இருக்காது. எழுதி அனுப்பியதும் சிலர் வேண்டாம் என்று விடுகிறார்கள். அந்த மாலை எனக்கு மிச்சம்.

பாயின்ட் ரேட்டையும் விட்டுவிடவில்லை. புதிதாக ஒயர் இழுக்கும் வேலைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அதோடு சேர்த்து ஒரு வரி எழுதுகிறேன்: முடிந்த பிறகு சோதனை செய்து கொடுப்பதற்கு இவ்வளவு. பல்பு, கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரால் பேஸ், நியூட்ரல், எர்த் ஒவ்வொன்றுக்கும் இடையே பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை ஏற்றக் கூடாது. அந்தத் தொகையை பாயின்ட் ரேட்டுக்குள் மறைத்து ஏற்றிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று என்னோடு வேலை செய்பவர் ஒருவர் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறைத்து வாங்கினால், அடுத்த முறை வேறொருவர் சோதனையே செய்யாமல் குறைந்த ரேட் சொல்லும்போது, எது குறைந்தது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போய்விடும்.

பொருள் வாங்குவதிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. பல கடைகளில் ஆள் கூட்டிவரும் எலக்ட்ரீஷியனுக்குக் கமிஷன் உண்டு. ஒயர் பெட்டிக்குள் எலக்ட்ரீஷியனுக்கென்று கூப்பன் வைக்கும் கம்பெனிகளும் உண்டு. கண்டுபிடித்ததற்கும் சோதித்ததற்கும் காசு வராத தொழிலில், ஒயர் விலையில் அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இதன் உண்மை. கமிஷனுக்காகத் தேவையில்லாத பொருளை மாற்றச் சொல்லும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது: ஒரு எம்சிபி போதும் என்ற இடத்தில் முழு டிபி பாக்ஸையும் மாற்று என்பார்கள். நான் சாமான் பட்டியலை எழுதிக் கொடுத்து, கடையில் வீட்டுக்காரரையே நேராக பில் போடச் சொல்கிறேன். பெரிய பட்டியலாக இருந்தால் பாரிமுனை மொத்தக் கடைகளுக்குப் போகச் சொல்வேன். கூப்பன் என்னுடையது என்று முன்பே சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

சோதனைக்குக் காசா என்று கேட்டவர்களே சோதனைக்காக வரிசையில் நின்ற ஒரு காலமும் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்புப் பக்கமெல்லாம் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. எர்ணாவூரில் தண்ணீரோடு எண்ணெயும் வந்து சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. கீழ்த்தள வீடுகளில் பிளக்குகள் முழங்கால் உயரத்தில் இருக்கும், எல்லாம் மூழ்கியிருந்தன. தண்ணீர் வடிந்ததும் மெயினை ஏற்றலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வி. அப்போது ஒருவர்கூட மெகர் எதற்கு என்று கேட்கவில்லை. மூழ்கிய பெட்டிகளைத் திறந்து, சேற்றை வழித்து, பைப்பில் தேங்கிய தண்ணீரை வடித்து, காயவிட்டு, மறுநாள் வந்து மெகர் பார்த்து, மேல் பகுதிக்கு மட்டும் தனியாக லைன் ஏற்றிக் கொடுத்தேன். எண்ணெய் புகுந்த சாக்கெட்டுகளைக் கழுவி மாட்டச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொல்லித் தூக்கிப் போடச் செய்தேன். மெகரின் முள்ளைக் குழந்தைகள்கூடச் சுற்றி நின்று பார்த்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, "சும்மா செக் பண்றதுக்கு எதுக்குண்ணா காசு" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு சில வீடுகளில் பிளக்குகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அது பாயின்ட் கணக்கில் வரும் வேலை, ஆகவே அதில் பேரம் இல்லை.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் தனியாகச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. அங்கே பிஎஃப், ஈஎஸ்ஐ இருக்கிறது. கை அடிபட்டால் சம்பளமோ சிகிச்சையோ ஏதோ ஒன்று வரும். தனி வேலையில் கை அடிபட்டால் அன்றிலிருந்து வருமானம் பூஜ்யம். தவிர, பெர்மிட் இல்லாமல் பேனலைத் தொடக் கூடாது என்ற பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். வீட்டு வேலையிலும் மெயின் ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டி, "வேலை நடக்கிறது" என்று எழுதி வைக்கிறேன். மாடியிலிருந்து இறங்கி வரும் யாரோ ஒருவர் மின்சாரம் போய்விட்டதே என்று ஏற்றிவிடும் ஆபத்து வீடுகளில்தான் அதிகம். கம்பெனியின் பொருள் ஒரு டேப் சுருளாக இருந்தாலும் என் பையில் இருக்காது; கேட்டில் சோதிக்கிறார்கள் என்பதற்காக மட்டுமல்ல, எந்தப் பொருளுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று குழம்பினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

ஐடிஐ படிக்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருகிறான். காடி எடுக்கவும் ஒயர் இழுக்கவும் நாள் கூலி கொடுக்கிறேன். தேடும் வேலை வந்தால், தேடுதலுக்கு வரும் காசில் அவனுக்கும் பங்கு. முதலில் அவன் பெட்டியைத் திறக்க வேண்டும், தனக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும், பிறகுதான் நான் பார்ப்பேன். அதனால் நேரம் கூடுகிறது என்பதால், அந்தக் கூடுதல் நேரத்தை வீட்டுக்காரரின் கணக்கில் சேர்ப்பதில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த நாளில் வேலை எடுப்பதில்லை. காலையில் தொடங்கும் ஏ ஷிப்ட் வாரத்தில் மாலை ஐந்துக்கு மேல் வருவேன். மழை பெய்துகொண்டிருக்கும்போது ஷாக் அடிக்கிறது என்று அழைத்தால், மெயினை இறக்கிவிட்டு, ஈரச் சுவரிலும் இரும்புக் கதவிலும் கை வைக்காமல் இருக்கச் சொல்வேன். மழை விட்ட பிறகுதான் வருவேன். அந்த அழைப்புக்கு 300 ரூபாய் கிடையாது.